‘ஸ்பில்ஓவர்’: புறவிளைவா, வழிவா, பொசிவா?

வணக்கம்.

ஏழை நாடுகளில் நடந்த வளர்ச்சி ஆய்வுகளைப் பற்றி ஒரு மாத இதழுக்குத் தொடர் எழுதுகிறேன். முதல் கட்டுரையிலேயே ‘ஸ்பில்ஓவர்’ (ஒரு திட்டத்தின் பலன் அதில் சேராதவர்களையும் எட்டுவது) என்ற சொல் வழிமறிக்கிறது. இதற்குத் தமிழில் என்ன எழுதுவது? உங்கள் உதவி வேண்டும்.

பின்னணி இதுதான். மேற்குக் கென்யாவில் உகாண்டா எல்லையை ஒட்டி, விக்டோரியா ஏரிப் பக்கம், புசியா மாவட்டம். அங்கே 75 தொடக்கப் பள்ளிகளில் 30,000 பிள்ளைகளுக்கு மேல் படித்தார்கள். பள்ளிகளை 25, 25-ஆக மூன்று தொகுதிகளாகப் பிரித்துப் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். முதல் தொகுதிக்கு 1998-இல், அடுத்ததற்கு 1999-இல், கடைசித் தொகுதிக்கு 2001-இல். எட்வர்ட் மிகெலும் மைக்கேல் கிரெமரும் இந்த ஆய்வை 2004-இல் வெளியிட்டார்கள். மாத்திரை கிடைத்த பள்ளிகளில் பிள்ளைகள் மட்டம் போடுவது சுமார் கால் பங்கு குறைந்திருந்தது. தேர்வு மதிப்பெண் மட்டும் அசையவில்லை.

எனக்குச் சிக்கல் இதற்கு அடுத்த பத்தியில். கருவுக்குக் கெடுதல் வரலாம் என்ற அச்சத்தால் 13 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்பிள்ளைகளுக்கு மாத்திரை தரக்கூடாது என்று விதி. மாத்திரை கொடுத்த அன்று பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை. ஆனால் மாத்திரையே விழுங்காத இவர்களிடமும், பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளிடமும்கூடப் புழு குறைந்தது. காரணம் மண். கொக்கிப்புழுவும் உருளைப்புழுவும் குடலுக்குள்ளேயே குஞ்சு பொரித்துப் பெருகுவதில்லை. முட்டை மலத்தோடு வெளியே போய்த்தான் ஆகவேண்டும். கழிப்பறை இல்லாத இடத்தில் அது மண்ணில் சேரும். மண்ணிலிருந்து கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும். உருளைப்புழுவின் முட்டை கைவழியே வாய்க்குப் போகும். நூறு பிள்ளைகளின் குடல் சுத்தமானால் மண்ணில் விழும் முட்டை குறையும். அதே மண்ணில் விளையாடும் மற்றவர்களுக்கும் அது நல்லதுதானே.

இதற்கு என்ன சொல்வது? தோழி ஒருத்தி ‘பக்கவிளைவு’ போடச் சொல்கிறாள். மாத்திரையைப் பற்றிய கட்டுரையில் பக்கவிளைவு என்று எழுதினால் வாசகர் வாந்தியையும் தலைசுற்றலையும்தான் நினைப்பார்.

நன்றி,
திருச்சியிலிருந்து

*

அன்புள்ள அம்மா,

புதுச் சொல் தேடுவானேன்? பொருளியல் பாடங்களில் ‘புறவிளைவு’ இருக்கிறது: ஒருவர் செய்வதன் நன்மையோ தீமையோ சம்பந்தப்படாத இன்னொருவர்மேல் விழுவது. அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே அவர்கள் போட்டிருப்பது அதற்கான ஆங்கிலச் சொல்தான், ‘எக்ஸ்டர்னாலிட்டி’. இருப்பதை விட்டுவிட்டு ஆளுக்கொரு சொல் ஆக்கி ஆக்கித்தான் கலைச்சொல் அகராதிகள் பருத்துக் கிடக்கின்றன. முப்பது ஆண்டு புள்ளியியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாணவன் ஒரு சொல்லை இரண்டு வகுப்பில் இரண்டு பொருளில் கேட்பதைவிட, இரண்டு சொல்லை ஒரே பொருளில் கேட்பதுதான் அவனை அதிகம் குழப்பும்.

பாளையங்கோட்டையிலிருந்து

*

> இருப்பதை விட்டுவிட்டு

ஐயா, புறவிளைவு பெரிய குடை. ஆலைப் புகை, ஆற்றில் விடும் சாயக் கழிவு எல்லாம் அதில் அடங்கும். இங்கே கேட்பது ஆய்வு வடிவமைப்பில் வரும் சொல்: ஒரு திட்டத்தின் பலன், அந்தத் திட்டத்தில் சேராதவர்மேலும் எவ்வளவு விழுந்தது, எவ்வளவு தொலைவுக்குப் போனது என்று அளப்பதற்கான சொல். அதற்கு ஒரு தனிச்சொல் வேண்டும்தான்.

சிலர் ‘வழிவு’ எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒட்டவில்லை. நிரம்பினால்தான் வழியும். புசியாவில் யாருக்கும் மருந்து நிரம்பி வழியவில்லை. ‘பரவல்’ என்றால் நோயே பரவியதுபோல ஆகிவிடும். இங்கே நடந்தது நேர்மாறு.

பொசிவு. நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசியும் என்று சின்ன வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். எங்கள் பக்கம் வரப்போரமாக நின்று பார்த்தால் தெரியும்: யாரும் மடை திறக்காமலே அடுத்த வயல் ஓரம் ஈரமாக இருக்கும். மண்வழியாக, கண்ணுக்குத் தெரியாமல், போகப்போகக் குறைந்துகொண்டே போகும் ஈரம். அந்தப் பள்ளிகளில் நடந்ததும் அதுதான், மண்வழியாகவே.

மன்னார்குடியிலிருந்து

*

வணக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வைத்தியர் எழுதுகிறேன். எங்கட பக்கத்தில் இதைப் பூச்சிக் குளிசை என்போம்.

பொசிவு நல்ல சொல். ஆனால் இரண்டு கேள்வி. ஒன்று, அந்தச் சொலவடையில் புல் என்பது களை. மாத்திரை கிடைக்காத பிள்ளைகளைக் களை என்று சொல்லாமல் சொல்கிறோமா?

இரண்டாவதுதான் முக்கியம். பொசிவு என்றால் நல்லது மட்டும் கசிந்து வருவதுபோல ஒரு தொனி இருக்கிறது. ஆய்வாளருக்கு இது முதலில் ஒரு தலைவலி. ஒரே பள்ளிக்குள் பாதிப் பிள்ளைகளுக்குக் குளிசை கொடுத்து மறுபாதியோடு ஒப்பிட்டால் என்ன நடக்கும்? மண்ணில் முட்டை குறைந்து இரண்டு பாதியும் தேறும். வித்தியாசம் சிறிதாகத் தெரியும். ‘குளிசையால் பெரிய பயனில்லை’ என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். பழைய ஆய்வுகள் பலவற்றுக்கு இந்தக் கதிதான் என்பது மிகெல், கிரெமர் வைத்த வாதமே. அதனால்தான் அவர்கள் பிள்ளை பிள்ளையாகப் பிரிக்காமல் பள்ளி பள்ளியாகப் பிரித்தார்கள். ஒப்பீட்டுக் குழுவைக் கெடுக்கும் இந்தக் குணமும் சொல்லுக்குள் வரவேண்டாமா?

*

> களை என்று சொல்லாமல் சொல்கிறோமா?

வைத்தியர் ஐயா, வினையைத்தான் எடுக்கிறோம், சொலவடையை அல்ல. பொசிதலுக்கு நல்லது கெட்டது கிடையாது. பக்கத்து வயலில் உளுந்து போட்டிருந்தால் அதே ஈரம் வேரை அழுகச் செய்யும். அந்த உளுந்துக்காரரிடம் பொசிவு நல்லதா என்று கேட்டுப் பாருங்கள்!

ஒப்பீட்டுக் குழு கெடுவது பொசிவின் விளைவு. அதற்குத் தனிச்சொல் இருக்கட்டும். இரண்டையும் ஒரு சொல்லில் அடைக்க வேண்டாம்.

மன்னார்குடியிலிருந்து

*

ஒரு புள்ளியியல் குறிப்பு. வாதத்தில் நான் பாதி வந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கலைச்சொல் என்றால் அதிலிருந்து குட்டிச் சொற்கள் பிறக்கவேண்டும். இந்த ஆய்விலேயே சோதிக்கலாம். மூலக் கட்டுரை, பக்கத்துப் பள்ளிகளுக்குக் கிடைத்த நன்மை 6 கி.மீ. வரை எட்டியது என்றது. 2015-இல் மறுஆய்வு வந்தபோது கணினி நிரலில் பிழைகள் தெரியவந்தன. அவற்றைத் திருத்தியபின் 3 கி.மீ.க்கு அப்பாலுள்ள பலன் நிற்கவில்லை, அதற்கு உட்பட்டது நின்றது. இதன்மேல் எழுந்த சண்டைக்குப் ‘புழுப் போர்’ என்றே பெயர். இன்னொரு குறை: பள்ளிகளைக் குலுக்கல் போட்டுப் பிரிக்கவில்லை, அகரவரிசையில் அடுக்கி மூன்றுக்கு ஒன்றாக எடுத்தார்கள். எங்கள் துறையில் இதற்கே ஒரு நாள் முழுக்க வாதிடுவோம், இங்கே வேண்டாம்.

‘பொசிவுத் தொலைவு 3 கி.மீ.’ என்று எழுதிப் பார்த்தேன். சரியாக உட்காருகிறது. ‘புறவிளைவுத் தொலைவு’ எழுதினால் பல்லில் சிக்குகிறது. புசியாவுக்கு அடுத்த சியாயாவில் 653 ஊர்களில் நடந்த பணம் கொடுக்கும் ஆய்விலும் போட்டுப் பார்த்தேன். 10,000 குடும்பங்களுக்கு மேல், வீட்டுக்குச் சுமார் 1,000 டாலர். வாங்கியவர்கள் கடையில் செலவழிக்க, வாங்காத குடும்பங்களின் செலவும் உயர்ந்தது. ‘பணம் வாங்காதவர்களுக்கும் பொசிவு’ என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விலைவாசி ஏறியதா என்றும் பார்த்திருக்கிறார்கள், சராசரியாக 0.1 விழுக்காடுதான். ஏறியிருந்தால் அதையும் பொசிவு என்றுதான் எழுதவேண்டும், வைத்தியர் கவனிக்க.

பாளையங்கோட்டையிலிருந்து

*

காடுகளைப் பற்றிய ஆய்வுப் பக்கத்திலிருந்து ஒரு தடை. ‘பொசிவு’ என்று முடிவு செய்தால் ‘லீக்கேஜ்’ (ஓரிடத்தில் தடுத்த கெடுதல் வேறிடத்தில் தலைகாட்டுவது) என்பதற்கு என்ன செய்வீர்கள்? அதையும் இதையும் பலர் ஒன்றாகவே எழுதுகிறார்கள்.

உகாண்டாவின் ஹோய்மா, கிபாலே மாவட்டங்களில் 121 ஊர்களில் ஓர் ஆய்வு, 2017-இல் வெளிவந்தது. 60 ஊர்களில் தனியார் காட்டுச் சொந்தக்காரர்களுக்கு, மரம் வெட்டாமல் இருந்தால் எக்டேருக்கு ஆண்டுக்கு 70,000 உகாண்டா ஷில்லிங் தருவதாக ஒப்பந்தம். இரண்டு ஆண்டில் மற்ற ஊர்களில் மரப்பரப்பு 9 விழுக்காடு குறைய, இங்கே 4-ஓடு நின்றது. உடனே எழும் கேள்வி: தன் காட்டை விட்டுவிட்டுப் பக்கத்து அரசுக் காட்டில் கோடரி வைத்தானா? செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தேடினார்கள். அப்படி நடந்ததற்குத் தடயம் கிடைக்கவில்லை.

இது பொசிவு ஆகாது. பொசிவில் பலன் கூடுதலாகப் போய்ச் சேருகிறது. இங்கே ஓரிடத்தில் தடுத்த கெடுதல் இன்னோரிடத்துக்குப் போகிறது. கூட்டிக் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை. ‘கசிவு’ போடலாம் என்றால் கசிவுநீர்க் குட்டை, எரிவாயுக் கசிவு என்று அது ஏற்கெனவே நிறைய வேலை பார்க்கிறது. ‘இடப்பெயர்வு’ சரிவருமா?

கோவையிலிருந்து

*

இடப்பெயர்வு மட்டும் வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கட சனத்துக்கு மரம் நினைவுக்கு வராது.

யாழ்ப்பாணத்திலிருந்து

*

ஒத்துக்கொள்கிறேன், மன்னிக்கவும். அப்படியானால் ‘மடைமாற்றம்’? ஒரு வாய்க்காலை அடைத்தால் நீர் இன்னொன்றில் பாயும். மன்னார்குடிக்காரர் சந்தோஷப்படுவார்.

கோவையிலிருந்து

*

சந்தோஷம்தான், ஆனால் முழுச் சந்தோஷமில்லை. மடைமாற்றுவது ஓர் ஆள் தெரிந்து செய்வது. கோடரி தூக்கிப் பக்கத்துக் காட்டுக்குப் போகிறவனுக்குப் பொருந்தும். ஆனால் இங்கே வெட்டு நின்றதால் சந்தையில் விறகு விலை ஏறி, எங்கோ இருக்கும் இன்னொருவன் வெட்டத் தொடங்கினால்? அதையும் லீக்கேஜ் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே மடையை மாற்றியது யார்?

மன்னார்குடியிலிருந்து

*

அனைவருக்கும் நன்றி. கட்டுரை இந்த வாரம் அச்சுக்குப் போகவேண்டும். இப்படி எழுதியிருக்கிறேன்:

“மாத்திரை பெறாத பிள்ளைகளிடமும் புழு குறைந்தது. இந்தப் பொசிவைக் கணக்கில் சேர்க்காமல் செலவையும் பலனையும் ஒப்பிட்டால், திட்டம் உண்மையில் தந்ததைவிடக் குறைவாகவே தந்ததாகத் தோன்றும்.”

முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டு, பிறகு சொல்லை மட்டும் விடுகிறேன். ‘புறவிளைவு’ பொதுப்பொருளில் ஓரிடத்தில் வருகிறது, அதைத் தொடவில்லை. உகாண்டா நான்காவது கட்டுரை. மடைமாற்றத்தைப் பற்றி அதற்குள் நீங்கள் சண்டை போட்டு முடித்துவிட்டால் நல்லது.

திருச்சியிலிருந்து

*

நல்லது அம்மா. ஒன்றே ஒன்று: இதழில் யாராவது திருத்துகிறேன் என்று ‘பொசிவு விளைவு’ ஆக்கிவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். பொசிவு போதும். மடைமாற்றத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். விறகு விலைக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து