முறிந்தும் சாகாத மரத்தின் கார்பனை எப்படிக் கணக்கிடுவது?

தாண்டிக்குடித் தோட்டக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கு அருகே எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் ஒன்று இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இப்பக்கமாக வந்தபோது, நிழலுக்கு நின்ற சில்வர் ஓக், பலா மரங்கள் பல வேரோடு சாய்ந்தன. அவற்றை அப்போதே அறுத்து அப்புறப்படுத்திவிட்டோம். பாதி உயரத்தில் முறிந்தவை இன்னும் உயிரோடு நிற்கின்றன. அவற்றுள் ஒரு பலா, முறிவுக்குக் கீழே கொத்தாகத் துளிர்த்து, அந்தத் துளிர்கள் இப்போது கைப்பருமனுக்கு வந்துவிட்டன. முறிந்த வாயிலோ பொந்து விழுந்து மழைநீர் தேங்குகிறது.

சென்ற மாதம் தோட்டத்தின் கார்பன் இருப்பை, அதாவது மரங்களில் சேர்ந்திருக்கும் கார்பனை, அளக்க வந்தவர்கள் இந்த மரத்தின் மார்பு உயரத்தில் நாடாவைச் சுற்றி அளவெடுத்துக்கொண்டு, அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்கள். மேலே பாதி மரம் இல்லையே என்று கேட்டதற்கு, சூத்திரத்துக்கு அடிமரச் சுற்றளவே போதும் என்றார்கள். இது சரியான முறைதானா? இயற்கைக் காடுகளையும் இப்படித்தான் கணக்கிடுகிறார்களா?

கூடலூர் வனவியல் மாணவி:

ஐயா, பெரும்பாலும் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். தங்கள் ஐயமும் நியாயமானதே. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் எடுத்த விட்டத்தையும் அந்த இன மரக்கட்டையின் அடர்த்தியையும் கொண்டு, மரம் முழுவதன் உலர் எடையை ஊகிப்பதே வழக்கமான முறை. அதில் ஏறக்குறைய பாதி கார்பன். அந்தச் சூத்திரங்கள் பெரும்பாலும் சேதமில்லாத மரங்களை வெட்டி எடை போட்டு உருவாக்கப்பட்டவை என்பதால், தலை போன மரத்துக்கும் தலை இருப்பதாகவே அவை விடை சொல்லும்.

ஏழு வெப்பமண்டலக் காடுகளின் மரங்களைப் பற்றி ஆண்டுதோறும் எடுத்த சுமார் ஒன்றரை லட்சம் பதிவுகளை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு ஒன்று இந்தப் பிழையை அளந்து காட்டியது. காட்டில் ஆண்டுதோறும் நிகழும் மர எடை இழப்பில் 42 விழுக்காடு, சாகாத மரங்கள் கிளை உதிர்ப்பதாலும் தண்டு முறிவதாலும் உள்ளே உளுப்பதாலும் ஏற்படுவதாம். நிற்கும் மரங்களின் மொத்த எடையை வழக்கமான முறை சராசரியாக 4 விழுக்காடு மட்டுமே கூட்டிக் காட்டுகிறது. ஆண்டு இழப்பையோ 29 விழுக்காடு குறைத்துக் காட்டுகிறது. இருப்பில் சிறிதாகத் தெரியும் பிழை வரவுசெலவில் பெரிதாகிவிடுகிறது. கார்பன் சுழற்சியைப் பற்றிப் பேசுவோருக்கு இந்த 29 விழுக்காடே முக்கியம்.

மசினகுடிவாசி:

எங்கள் பக்கத்தில் புயலின் வேலையை யானை செய்கிறது. முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தினர் 1988 முதல் 50 ஹெக்டேர் காட்டை மரம் மரமாக எண்ணி வருகிறார்கள். மார்பு உயரத்தில் 1 சென்டிமீட்டர் பருமன் இருந்தாலே அது கணக்கில் சேரும். அந்தக் காட்டில் யானை வளைத்து முறித்த செடிகளும் கோடைத்தீயில் கருகிய தண்டுகளும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பதுண்டு. தண்டு செத்துவிட்டது, மரம் சாகவில்லை. அதை இழப்பு என்று எழுதுவதா, வளர்ச்சி என்று எழுதுவதா என்பதைத் தொடர்ந்து பார்த்துவருபவரால் மட்டுமே சொல்ல முடியும். ஒருமுறை வந்து நாடா சுற்றிப் போகிறவருக்கு அது தெரிய வழியில்லை. (பொந்து விழுந்த பலாவை வெட்டிவிட வேண்டாம், மைனாக்களுக்கும் கிளிகளுக்கும் அது வீடு.)

தாண்டிக்குடித் தோட்டக்காரர்:

இருவருக்கும் நன்றி. இன்னொன்று கேட்க வேண்டும். காப்பிச் செடிக்கு வெளிச்சம் விடுவதற்காக ஆண்டுதோறும் நிழல் மரங்களை நாங்களே கவாத்து செய்கிறோம். அப்படியானால் புயல் அடிக்காத ஆண்டிலும் எங்கள் மரங்கள் குறைபட்டவைதானே? வெட்டிய கிளைகளில் பருமனானவை விறகாகவும் மற்றவை அப்படியே மண்ணிலும் போகின்றன.

கூடலூர் வனவியல் மாணவி:

ஆம் ஐயா, நீங்களே ஆண்டுதோறும் வரும் புயல். எனவே நான் முன்பு சொன்ன காட்டு விழுக்காடுகளைத் தங்கள் தோட்டத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

விழுந்த கிளைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 சென்டிமீட்டர் விட்டமும் 5 மீட்டர் நீளமும் கொண்ட கிளையின் கன அளவு சுமார் 0.35 கன மீட்டர். கட்டையின் அடர்த்தி கன மீட்டருக்கு 550 கிலோ என்று வைத்துக்கொண்டால் உலர் எடை 190 கிலோவுக்குச் சற்று மேல், அதில் கார்பன் ஏறத்தாழ 97 கிலோ. அதை அடுப்பில் எரித்தால் ஏறக்குறைய 350 கிலோ கார்பன் டை ஆக்சைடாகச் சில நாள்களில் காற்றில் கலந்துவிடும். தரையில் விட்டால் கரையானும் பூஞ்சையும் அதே வேலையைப் பல ஆண்டுகளில் செய்யும். அதற்குள் ஒரு சிறு பங்கு மண்ணில் தங்கும். கிளை விழுந்த நாளில் மரத்தின் கணக்கில் இழப்பு எழுதப்பட்டாலும், காற்றின் கணக்கில் அது உடனே ஏறுவதில்லை. எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்தே காலம் அமைகிறது.

அடுத்த முறை அளக்க வருபவர்களிடம், சுற்றளவோடு மரத்தின் உண்மையான உயரத்தையும் தலையில் எத்தனை பங்கு எஞ்சியிருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பலாவின் பொந்துக்குள் ஒரு நீளமான குச்சியை விட்டு, எவ்வளவு ஆழம் உளுத்திருக்கிறது என்பதையும் சேர்த்துக் குறிக்கலாம். மைனா முட்டையிடும் பருவமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.