ஈறில் எழுந்த கட்டி: வலி நின்றதை நம்பிக் காத்திருந்தேன்

மேல் முன்பல் ஒன்றின் ஈறில் பரு போலச் சிறு கட்டி எழுந்தது. இரண்டு நாட்கள் விண்விண்ணென்று தெறித்த வலி, கட்டி உடைந்து சீழ் வெளியேறியதும் அடங்கிவிட்டதால், உப்பு நீர் கொப்பளித்ததே குணப்படுத்தியது என்று நம்பினேன். சில வாரங்களுக்கு ஒருமுறை அதே இடத்தில் அது எழுவதும் உடைவதுமாக ஏழு மாதங்கள் கழிந்தன. பின்னர் பார்த்த பல் மருத்துவர், கட்டியின் துளை வழியே ரப்பர் போன்ற மெல்லிய குச்சி ஒன்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். குச்சியின் முனை, சிறுவயதில் நான் விழுந்தபோது அடிபட்ட பல்லின் வேர்நுனியில் போய் நின்றது. பல்லுக்குள் இருக்கும் கூழ், அதாவது நரம்பும் இரத்தக்குழாய்களும் உள்ள மென்மையான திசு, எப்போதோ செத்துப்போய், அங்கே சேர்ந்த சீழ் எலும்பை அரித்து வெளியே வழி கண்டிருக்கிறது. சீழ் வடிந்துகொண்டிருந்ததால்தான் வலி இல்லை. தொற்று அப்படியேதான் இருந்தது. இடையில் நானாக வாங்கி விழுங்கிய ஆன்டிபயாடிக் ஏன் பலிக்கவில்லை என்பதும் அன்றுதான் புரிந்தது: செத்த கூழில் இரத்த ஓட்டம் இல்லை, மருந்து அங்கே போய்ச் சேராது. வேர் சிகிச்சைக்குப் பிறகு கட்டி திரும்பவில்லை. இரண்டு வாரங்களில் மறையாத எந்தக் கட்டியையும் வலி இல்லாவிட்டாலும் காட்டிவிட வேண்டும், வாய்ப்புற்றுநோயும் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்று அவர் சொன்னது, அந்த ஏழு மாதங்களை நினைத்து என்னை நடுங்க வைத்தது.

*

என் தாயாருக்கும் வலி இருக்கவில்லை. பற்களுக்கு இடையே ஈறு தடித்துப் பல்லையே மூடத் தொடங்கியது. பல் மருத்துவர் முதலில் கேட்டது, என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்பதைத்தான். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் சிலருக்கு இப்படி ஈறை வளரச் செய்யுமாம். வலிப்பு நோய்க்கான பெனிடாயினும் அவ்வாறே. தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, அதை எழுதிக்கொடுத்த மருத்துவருக்குக் கடிதம் தந்தார். மாத்திரையை மாற்றி, பற்களில் படிந்திருந்த காரையையும் நீக்கிய பின், சில மாதங்களில் வீக்கம் பெருமளவு வடிந்தது.

*

என் அண்ணனின் அனுபவம் வேறு. பாதி முளைத்த ஞானப்பல்லைச் சுற்றி ஈறு வீங்கியபோது, விடுமுறை முடிந்தபின் பார்க்கலாம் என்று இருந்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டு, வாயைத் திறக்க இயலாமல், தாடைக்கு அடியிலும் வீக்கம் பரவி, எச்சிலை விழுங்கவே திணறினார். அப்படிப்பட்ட வீக்கம் மூச்சுக்குழாயையே அடைத்துவிடக்கூடும் என்பதால், விடியும்வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். அன்றிரவே கீறிச் சீழை எடுத்தார்கள்.