பெத்தாவின் கை மெஷின் தையல் விடுகிறது, இரும்புக்குப் போடச் சொல்கிறார்கள்

தம்பிலுவில்காரி:

வணக்கம். பெத்தாவின், அதாவது என் பாட்டியின், சிங்கர் கைத்தையல் மெஷின் இப்போது என்னிடம் இருக்கிறது. கறுப்பு உடம்பு, பொன் எழுத்து, மேலே வளைந்த மர மூடி. கையில் கொண்டுபோகிற மெஷின் என்று பெயர்தான். நெல் நிறுக்கிற தராசில் பெட்டியோடு வைத்தேன், 14 கிலோ காட்டியது.

ஆனால் கொண்டுபோகக்கூடியது என்பதால்தான் அது இன்றைக்கு இருக்கிறது. 2004 மார்கழியில் மாமி தன் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை தைக்கவென்று அதைக் கடலிலிருந்து தள்ளியிருக்கிற சாகாமத்துக்கு எடுத்துப் போயிருந்தார். ஜனவரியில் பள்ளி தொடங்குமே, எல்லா வீட்டிலும் வெள்ளைத் துணி குவிந்து கிடக்கிற நேரம். 26ஆம் திகதி கடல் வந்தபோது எங்கள் வீட்டில் கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியது. மெஷின் சாகாமத்தில் மாமியின் திண்ணையில் இருந்தது.

இப்போது விஷயம். இரண்டு கிழமையாகத் தையல் விடுகிறது. ஒரு சாண் தைத்தால் நாலு இடத்தில் நூல் பிடிக்கவே இல்லை. மேல் நூலை இறுக்கிப் பார்த்தேன், நெகிழ்த்திப் பார்த்தேன். திருத்துகிற ஒருவரிடம் கொண்டுபோனால், உள்ளே தேய்ந்துவிட்டது, பாகம் கிடைக்காது, இரும்பு விலைக்கு 2,500 தருகிறேன் என்றார். திறந்துகூடப் பார்க்கவில்லை! இன்னொருவர் மோட்டர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். என்ன செய்யலாம்?

மருதமுனை டெயிலர்:

தங்கச்சி, விற்க வேண்டாம். முதலில் மூன்று கேள்வி. கீழ் நூல் சுற்றுகிற பொபின் வட்டமா, அல்லது விரல் நீளத்துக்கு ஒல்லியானதா? தையல் நீளம் மாற்றுவதற்குத் திருகுக் குமிழா, எண் போட்ட நெம்பா? கடைசியாக எப்போது ஊசி மாற்றினீர்கள், அந்த ஊசி எங்கே வாங்கியது?

தம்பிலுவில்காரி:

வட்டப் பொபின் நானா. ஊசிக்குப் பக்கத்துத் தகட்டை இழுத்தால் மேலிருந்து அப்படியே போடலாம். குமிழ்தான், நெம்பு இல்லை. ஊசி வாங்கவில்லை. என் தங்கச்சி காமன்ட் ஒன்றில், ஆடைத் தொழிற்சாலையில், வேலை செய்கிறாள், அவள் ஒரு பைக்கட் தந்தாள். மாற்றி ஒரு இரண்டு கிழமை இருக்கும்.

இதை எழுதும்போதே எனக்கு விளங்குகிற மாதிரி இருக்கிறது.

மருதமுனை டெயிலர்:

விளங்கிவிட்டதல்லவா. காமன்ட் ஊசியின் தண்டு முழு உருண்டை. வீட்டு மெஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டை, கொஞ்சம் தடிப்பும் கூட. உருண்டை ஊசியைப் போட்டால் பிடிக்கிற திருகு இறுகும், நீங்களும் சரி என்று நினைப்பீர்கள். ஆனால் ஊசி இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, மயிரிழை தள்ளி நிற்கும். ஊசி கீழே இறங்கி மேலே எழும்பத் தொடங்குகிற கணத்தில் நூல் ஒரு சின்ன வளையமாக விரியும். அதைத்தான் அடியில் இருக்கிற கொக்கி கவ்வ வேண்டும். மயிரிழை தள்ளினாலும் கவ்வாது, தையல் விடும். மெஷினில் குற்றமே இல்லை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது சிங்கரின் 99கே மொடல். 'கே' என்றால் ஸ்கொட்லாந்தில் கிளைட்பாங்கில் இருந்த கில்போவி தொழிற்சாலை, 1980இல் மூடிவிட்டார்கள். மெஷின் அடித்தட்டின் வலப்பக்கத்தில் இலக்கம் வெட்டியிருக்கும். முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, முதலாவது 'ஈ' என்றால் 1935 அல்லது அதற்குப் பிந்தியது. குமிழ் உள்ளதில் பின்தையல் வராது. முடிவில் துணியைத் திருப்பி நாலு தையல் போட்டுக்கொள்ளுங்கள், எங்கள் வாப்பா அப்படித்தான் சாறன் மூட்டினார்.

கடையில் 15எக்ஸ்1 என்று கேளுங்கள், எச்.ஏ.எக்ஸ்1 என்றாலும் அதுதான். எங்கள் ஊர்க் கைத்தறித் துணிக்கு 14ஆம் நம்பர், மெல்லிய துணிக்கு 11. தட்டைப் பக்கம் வலது கைப்பக்கம் பார்க்க வேண்டும். நூலை இடமிருந்து வலமாகக் கோர்க்க வேண்டும். கைப்பிடியை உங்களிடமிருந்து அப்பால் தள்ளிச் சுற்றுங்கள், சில்லு தானாக உங்கள் பக்கம் சுழலும்.

பெத்தா என்ன எண்ணெய் விட்டார்?

தம்பிலுவில்காரி:

தேங்காய் எண்ணெய். கேட்கவே வேண்டாம், தலைக்கும் அதுதான், மெஷினுக்கும் அதுதான்.

மருதமுனை டெயிலர்:

எல்லா வீட்டிலும் இதே கதைதான். அது காய்ந்து பிசினாகிவிடும். எண்ணெய் விடுகிற ஓட்டைகளில் மண்ணெண்ணெய் ஒவ்வொரு துளி விட்டு, நூல் இல்லாமல், துணியை அழுத்துகிற பாதத்தைத் தூக்கி வைத்துச் சுற்றுங்கள். மண்ணிறமாக ஊறி வடியும், துடையுங்கள். வடிவது வெளுத்த பிறகு மெஷின் எண்ணெய். பொபின் கூட்டுக்கு அடியில் ஒரு சின்னச் சிவப்புக் கம்பளித் துண்டு இருக்க வேண்டும், அழுக்கு என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். அதில் ஒரு துளி எண்ணெய் நின்றால்தான் சத்தம் அடங்கும். பொன் எழுத்தில் தின்னரும் ஸ்பிரிட்டும் படவே கூடாது.

கல்லடி அக்கா:

மோட்டர் பற்றி ஒரு சொல். என்னிடம் கரண்டில் ஓடுகிற சிங்கர் 221 இருக்கிறது, லண்டன் மச்சாள் தந்தது. 1933இல் வெளிவந்த மொடல், அலுமினிய உடம்பு, 5 கிலோதான், இடப்பக்கத் தட்டை மேலே மடக்கலாம். தூக்குகிற மெஷின் என்றால் அதுதான் தூக்குகிற மெஷின். பருத்தித் துணியில் அதன் தையலைப் பார்த்தால் கண் எடுக்க மனம் வராது. ஆனால் 2022இல் கரண்ட் போய்ப் போய் வந்த மாதங்களில் அது பெட்டிக்குள் தூங்கியது. பக்கத்து வீட்டுக் கை மெஷினில்தான் மகளின் சட்டையை முடித்தேன், அவள் போனில் லைட் பிடித்தாள். கையால் சுற்றினால் ஒரு தையல் போட்டு நிறுத்தலாம், மூலை திருப்பும்போது அந்த அருமை தெரியும்.

வெளிநாட்டிலிருந்து எடுப்பவர்கள் மோட்டரில் எழுதியுள்ள வோல்டைப் பாருங்கள். அமெரிக்காவில் விற்றது 110. நம் வீட்டுச் சுவரில் 230. மிச்சத்தைப் புகை சொல்லும்.

ஓட்டமாவடி தம்பி:

மோட்டர் போட்டால் பாவமா என்ன? கைப்பிடி பூட்டியிருக்கிற அதே இடத்தில்தான் மோட்டரும் பூட்டுவது, துளை போடத் தேவையில்லை. உம்மாவுக்குத் தோள் வலி, நான் போட்டுக் கொடுத்தேன், நன்றாக ஓடுகிறது. கழற்றிய கைப்பிடியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தால் போதும்.

மருதமுனை டெயிலர்:

சரிதான் தம்பி. தையல் விடுவதற்கு மோட்டர் மருந்தில்லை என்றுதான் நான் சொல்வேன்.

தம்பிலுவில்காரி:

நானா, அக்கரைப்பற்றில் தட்டைத் தண்டு ஊசி கிடைத்தது. போட்டேன். ஒரு முழத் துணியில் ஒரு தையல்கூட விடவில்லை. மண்ணெண்ணெய் வைத்தியமும் ஆயிற்று. வடிந்தது தேயிலைச் சாயம்தான். ஊசித் தட்டைக் கழற்றிப் பார்த்தால், துணியை நகர்த்துகிற பல்லுக்கடியில் பஞ்சு மாதிரி அடைத்துக் கிடந்தது, அதற்குள் வெள்ளை நூல். சீருடை நூலாக இருக்கலாம், மாமியிடம் படம் அனுப்பினேன். காமன்ட் ஊசிகளைத் தங்கச்சியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவளுக்குக் கோபம்.

இன்னும் ஒன்று. மர மூடியின் சாவி சாகாமத்திலேயே தொலைந்துவிட்டது. பூட்டினால் திறக்க முடியாது என்று இத்தனை வருடமும் கயிற்றால் கட்டித்தான் வைத்திருக்கிறோம்.

மருதமுனை டெயிலர்:

சின்னத் தட்டை ஸ்குரூ டிரைவர் விட்டுக் கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். என்னுடையதற்கும் சாவி கிடையாது.