கோதுக்குள் மருந்து முன்னுக்கா, பின்னுக்கா? சூடு மேலும் கீழுமாகப் போவது இதனாலா?

படுவான்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம் பிறந்தவன், இப்போது மெல்பேர்ணில் இருக்கிறேன். அம்மப்பாவின் ஆண்டுத் திவசத்துக்காக மூன்று கிழமை லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். துவக்கு அங்கே பூட்டிக் கிடக்கிறது. குறிப்புக் கொப்பியை மட்டும் கையோடு கொண்டு வந்தேன். கழகத்தில் ஆறு மாதமாகச் சுட்ட ஒவ்வொரு சூடும் அதில் இருக்கிறது. இரவில் கரண்ட் போகும் நேரமெல்லாம் அதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

ரைபிள் பழைய பாணியில் செய்த ஒற்றைச் சூட்டு ரைபிள். தோட்டா நாற்பத்தைந்து-எழுபது. 1873-ல் அமெரிக்கப் படைக்கு வந்த தோட்டா அது. நாற்பத்தைந்து என்பது குழலின் அளவு, எழுபது என்பது அன்றைக்கு அதில் போட்ட கரிமருந்தின் எடை, 70 கிறெயின். நமது கணக்கில் நாலரைக் கிராம். கோது, அதாவது மருந்தைப் போடும் பித்தளைக் கூடு, 53 மில்லிமீற்றர் நீளமான நேர்க் குழாய். இப்போதைய புகையில்லா மருந்துக்கு அவ்வளவு இடம் தேவையில்லை. எனக்குத் தோளில் பழைய நோவு இருப்பதால், தோட்டா நிரப்பும் கையேட்டில் உள்ள மெல்லிய அளவிலேயே கோதில் மருந்து போடுகிறேன். ஆகவே கோதில் பாதிக்கு மேல் வெறும் காற்று.

ஒவ்வொரு மருந்தையும் தராசில் நிறுத்துப் போடுகிறேன். குழலால் பறக்கும் சன்னங்களையும் நிறுத்துப் பிரித்திருக்கிறேன். இருந்தும் 100 மீற்றரில் பக்கவாட்டில் 5 சென்ரிமீற்றருக்குள் நிற்கும் சூடுகள், மேலும் கீழுமாக 9 சென்ரிமீற்றர் விரிகின்றன.

கொப்பியில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. தாழ்ந்து விழுந்த சூடுகளில் பலவற்றுக்குப் பக்கத்தில் "மேசை விளிம்பில் நிரப்பினேன்" என்று எழுதியிருக்கிறேன். அப்படித் தோட்டாவைத் துவக்கில் போடும்போது குழல் நுனி நிலத்தைப் பார்க்கும். மருந்து சன்னத்தின் பக்கம் சரிந்துவிடும். பிறகு துவக்கை நிமிர்த்திக் குறி பார்க்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் திண்ணையில் இருந்து ஒன்று செய்து பார்த்தேன். வெறும் ஊசிமருந்துக் குப்பி ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு எள்ளுப் போட்டு மூடினேன். குப்பியைப் படுக்க வைத்தால் எள்ளு அடியில் நீளமாகப் பாய் விரித்ததுபோல் கிடக்கிறது. வாயைத் தாழ்த்தி மெதுவாகத் திரும்பப் படுக்க வைத்தால், வாய்ப் பக்கம் குவியலாகவும் அடிப்பக்கம் வெறுமையாகவும் நிற்கிறது. விரலால் ஒரு தட்டுத் தட்டினால்தான் கலைகிறது. அண்ணன்ர மகள் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, "சித்தப்பா, இந்த மூலையில நெருப்பு வெச்சா எள்ளுக்கு எட்டாதே" என்றாள். பத்து வயது. நானும் அதைத்தான் கேட்கிறேன். கோதின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் நெருப்பு எட்டும் தூரம் மாறுவதால் சன்னத்தின் வேகம் மாறுகிறதா? அளந்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?


கல்முனை வாத்தியார் எழுதியது:

தம்பி, துவக்கு எனக்குத் தெரியாது. முப்பது வருடம் பௌதிகம் படிப்பித்தவன். வேகம் மாறினால் குறி எவ்வளவு மாறும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

காற்றுத் தடையை ஒதுக்கி வைப்போம். விநாடிக்கு 400 மீற்றர் போகும் சன்னம் 100 மீற்றரைக் கடக்கக் கால் விநாடி எடுக்கும். அந்தக் கால் விநாடியில் புவியீர்ப்பு அதை 30.7 சென்ரிமீற்றர் கீழே இழுக்கும். அதே சன்னம் 380-இல் போனால் 34 சென்ரிமீற்றர். வித்தியாசம் 3.3. ஆக, வேகம் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே உமது விரிவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வந்துவிடுகிறது. காற்றுத் தடையையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும்.

ஆனால் 9 சென்ரிமீற்றர் முழுவதற்கும் மருந்தின் மேல் பழி போடாதீர். பக்கவாட்டில் 5 இருக்கிறதென்றால், கை, கண், துவக்கு எல்லாம் சேர்ந்த இயல்பான சிதறல் மேல்கீழாகவும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். அதற்கு மேலே உள்ள 4-க்குத்தான் காரணம் தேட வேண்டும். நான் போட்ட கணக்கு அதற்குக் கிட்ட வருகிறது. வேகத்தை அளந்து பாரும். அளக்காமல் இதற்கு மேல் பேசுவதில் பயனில்லை.


சாகாமத்துக் காவல்காரன் எழுதியது:

வாத்தியார் கணக்குச் சொல்லிப்போட்டார், நான் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் அப்பாவிடம் அனுமதிப் பத்திரத்தோடு இடியன் துவக்கு ஒன்று இருந்தது. வேளாண்மை காக்கப் பரணில் படுக்கும் காலம். பன்றி வந்தால் ஒரு இரவில் ஒரு வட்டை வரம்போடு கிளறிப்போடும்.

இடியனில் முதலில் மருந்து, அதன் மேல் தும்பு, மறுகா சன்னம், அதன் மேலும் தும்பு. இடிகோலால் இடிக்கும்போது கோல் துள்ளித் திரும்பும் சத்தத்தை அப்பா காது கொடுத்துக் கேட்பார். முதலில் "பொத்" என்று கேட்கும், இறுகியதும் "டங்" என்று கோல் மேலே எழும்பும். அந்த "டங்" வராமல் அவர் துவக்கைத் தோளில் வைத்ததே இல்லை. மருந்துக்கும் சன்னத்துக்கும் இடையில் வெளி இருந்தால் குழல் வெடிக்கும் என்று சொல்லுவார். கோலில் கத்தியால் ஒரு கீறு போட்டிருந்தார். இடித்து முடிய அந்தக் கீறு குழல் வாய்க்கு நேரே நிற்க வேண்டும். உள்ளே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கு அதுதான் அளவு.

ஆகவே தம்பி, உன் கோதுக்குள் வெளி இருப்பதுதான் கோளாறு. வீட்டில் இலவம் பஞ்சு இருக்குமே, கொஞ்சம் எடுத்து மருந்தின் மேல் வைத்து இறுக்கிவிடு. மருந்து அசையாது. எங்கள் தும்பு செய்த வேலையை அது செய்யும்.


ஆரையம்பதியாள் எழுதியது:

சாகாமத்து அண்ணை, உங்கள் அப்பா செய்தது நூற்றுக்கு நூறு சரி. கரிமருந்துக்கு வெளி ஆகாது. வாயால் நிரப்பும் துவக்கில் சன்னம் மருந்தோடு போய் ஒட்டாமல் இடையில் நின்றால் குழல் வீங்கும், வெடிக்கும். அந்தக் கீறு எத்தனை கையைக் காப்பாற்றியதோ தெரியாது. ஆனால் பஞ்சு வைக்கச் சொன்னதை மட்டும் நான் மறுக்க வேண்டியிருக்கிறது, கோபிக்காதீர்கள்.

நான் ஒன்ராறியோவில் பன்னிரண்டு வருடமாகச் சுடுகிறேன், தோட்டாவை நானே நிரப்புகிறேன். பழைய பெரிய கோதுகளில் இலவம் பஞ்சு வைக்கும் வழக்கம் உண்மையாகவே உண்டு. அதனால் வேகம் சீரானவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பஞ்சு இறுகி, தனியாக ஓடி, நிற்கும் சன்னத்தின் பின்புறத்தில் போய் மோதினால், அந்த இடத்தில் குழலில் வளையம் போல ஒரு வீக்கம் விழும். எங்கள் கழகத்தில் ஒருவரின் நூறு வருடப் பழைய துவக்கில் அந்த வளையத்தை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். சுட்ட கோது வெளியே வராமல் அந்த வீக்கத்தில் சிக்கிக்கொள்கிறது. அவர் அழாத குறை. கையேட்டில் அந்த மருந்துக்கும் அந்தச் சன்னத்துக்கும் பஞ்சு வைக்கலாம் என்று எழுதியிருந்தாலொழிய வைக்காதீர்கள்.

படுவான்கரை அண்ணா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஓம், மருந்து கிடக்கும் இடம் வேகத்தை மாற்றும். பொதுவாக மருந்து பிரைமரோடு ஒட்டிக் கிடந்தால் வேகமும் அழுத்தமும் கூட, சன்னத்தின் பக்கம் கிடந்தால் குறைவு. எவ்வளவு என்பது மருந்துக்கு மருந்து மாறும். கோது எவ்வளவு வெறுமையோ அவ்வளவு மோசம். அமெரிக்காவில் தோட்டாத் தரங்களை வகுக்கும் சாமி (SAAMI) அமைப்பு, அழுத்தம் அளக்கும் முன் தோட்டாவை எப்படிப் புரட்டி மருந்தைப் பிரைமர் பக்கம் கொண்டுவர வேண்டும் என்று தன் முறையிலேயே எழுதி வைத்திருக்கிறது. அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் இரண்டு ஆய்வுகூடத்து எண்களை ஒப்பிடவே முடியாது. கைத்துப்பாக்கிக்காரருக்கும் இது பழைய தலையிடி. முப்பத்தெட்டு ஸ்பெஷல் 1898-ல் கரிமருந்துக்கென்றே வந்த கோது. இன்றைய மருந்து அதன் அடியில் கொஞ்சமாய்க் கிடக்கும்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். வேகமானியை வைத்து, பத்துத் தோட்டா மருந்து பின்னுக்கு, பத்து முன்னுக்கு, பத்து நீங்கள் வழமையாக நிரப்புவதுபோல். மூன்று கூட்டத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுடாமல் கலந்து சுடுங்கள். குழல் சூடேறுவது ஒரு கூட்டத்துக்கு மட்டும் சாதகமாகிவிடக் கூடாது. குழலை மேலே தூக்க உங்கள் கழகம் விடாமல் இருக்கலாம், எங்கள் கழகம் விடாது. தேவையும் இல்லை. தோட்டாவின் அடியை உள்ளங்கையில் இரண்டு முறை தட்டி, சாய்க்காமல் மெதுவாக உள்ளே தள்ளினால் போதும். தோட்டாவுக்குப் பின்னால் மூடும் பூட்டை அறைந்து மூடாதீர்கள். நீங்கள் எள்ளுக் குப்பியில் கண்டதுதான், ஒரு தட்டில் எல்லாம் கலைந்துவிடும்.

குறிப்பலகையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். வேகம் குறைந்த சன்னம் குழலுக்குள் அதிக நேரம் நிற்கும். அதற்குள் துவக்கு பின்னுதைப்பில் நுனியைத் தூக்கிவிடும். ஆகவே கிட்டத் தூரத்தில் மெல்லச் சன்னம் உயரப் போய் அடிப்பதும் உண்டு. வாத்தியார் ஐயாவின் கணக்கு வெளியே வந்த பிறகு நடப்பது. இது வெளியே வரும் முன்பே நடப்பது.

இதற்குத் தீர்வு கோதை நிரப்பும் மருந்துதான். உங்கள் நாட்டிலேயே, நியூ சவுத் வேல்ஸ் முல்வாலாவில், ட்ரெயில் பாஸ் என்ற மருந்தைச் செய்து வந்தார்கள். மணி ஒவ்வொன்றும் நடுவில் துளையோடு உளுந்து வடை மாதிரி இருக்கும். கொஞ்ச எடை, நிறைய இடம். இப்படிப்பட்ட பழைய கோதுகளை மனதில் வைத்துச் செய்தது. ஆனால் அதை அழுத்தி அடைக்கக் கூடாது.

இன்னொன்று. மெல்ல எரியும் மருந்தை, தோள் நோகிறதென்று கையேட்டின் குறைந்த அளவுக்கும் கீழே இறக்காதீர்கள். குறைத்தால் பாதுகாப்பு என்று தோன்றும். அப்படிக் குறைத்த தோட்டாவால் துவக்குகள் சிதறியிருக்கின்றன. ஏன் என்பதில் அறிந்தவர்களுக்கே இன்னும் ஒரே கருத்து இல்லை. குறைப்பதற்கென்று மருந்து செய்தவரே அனுமதித்த மருந்துகள் உண்டு. அவற்றை மட்டும், அவர்கள் சொன்ன எல்லை வரை.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு: புகையில்லா மருந்தை இடியனில் ஒருபோதும் போடாதீர்கள். அதோடு, 1916-ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் எதையும் தொட வேண்டாம்.


புளியந்தீவு பேரன் எழுதியது:

சின்னதாக ஒன்று. என் தாத்தா பொலிசில் இருந்தவர், பிரிட்டிஷ் 303 ரைபிள் காலத்து ஆள். அந்தத் தோட்டாவும் 1880-களின் கடைசியில் வந்தபோது அழுத்திக் கட்டியாக்கிய கரிமருந்தோடுதான் வந்தது. பிறகு கோர்டைற் போட்டார்கள். அது மணி மருந்து இல்லை, இடியப்ப இழைபோல நீளக் குச்சிகள். கோதின் நீளத்துக்கு நின்றதால் முன்னுக்குப் பின்னுக்குச் சரிய வழியே இல்லை. அந்தக் குச்சிக் கட்டை வைத்த பிறகுதான் கோதின் கழுத்தையே ஒடுக்குவார்களாம். பழைய தோட்டா ஒன்றைக் காதோரம் ஆட்டினால் சலசலக்காது என்று தாத்தா சொல்லுவார். இந்த இழையை வாசித்த பிறகுதான் ஏன் என்று விளங்கியது.


சாகாமத்துக் காவல்காரன் எழுதியது:

தங்கச்சி, கோபம் ஒன்றும் இல்லை. பஞ்சுக் கதையை நான் திரும்ப எடுக்கிறேன். தம்பி, வைக்காதே.


படுவான்கரையான் எழுதியது:

திரும்பி வந்து ஐந்து கிழமையாகிறது. நேற்றுத்தான் முப்பது தோட்டாவையும் சுட்டு முடித்தேன். தங்கச்சி சொன்னபடி கலந்து சுட்டேன். வரிசையைக் கூட இருந்தவர் எழுதினார்.

மருந்து பின்னுக்குக் கிடந்த பத்தின் சராசரி விநாடிக்கு 1,296 அடி. முன்னுக்குக் கிடந்த பத்து 1,221. வித்தியாசம் 75 அடி, ஏறக்குறைய 23 மீற்றர். நான் வழமையாக நிரப்பிய பத்து ஏறக்குறைய இரண்டுக்கும் நடுவில் அங்குமிங்குமாகக் கிடக்கிறது. கூடியதற்கும் குறைந்ததற்கும் 80 அடி வித்தியாசம். பின்னுக்குக் கிடந்த பத்துக்குள் அந்த வித்தியாசம் 31 அடிதான். தராசில் நான் பத்தில் ஒரு கிறெயினுக்குப் போராடிய இரவுகளை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு தட்டும் ஒரு சாய்வும் அதைவிடப் பெரியவை.

குறிப்பலகையில் பின்னுக்கு வைத்த பத்தும் மேல்கீழாக 5.5 சென்ரிமீற்றருக்குள் நின்றன. வாத்தியார் ஐயா, நீங்கள் சொன்ன இயல்பான சிதறல் 5, மருந்தின் பங்கு 4, கிட்டத்தட்ட அப்படியே வந்திருக்கிறது. என் துவக்கில் மெல்லச் சன்னம் தாழ்ந்துதான் விழுகிறது, உயரவில்லை. 50 மீற்றரில் என்ன செய்கிறது என்று இன்னும் பார்க்கவில்லை.

மருந்தை இப்போதைக்கு மாற்றப் போவதில்லை. ஒவ்வொரு தோட்டாவையும் உள்ளங்கையில் இரண்டு தட்டு, மெதுவாக உள்ளே, பூட்டை ஆறுதலாக மூடுவது, அவ்வளவுதான். பூட்டு மூடும் கைப்பிடியில் சாகாமத்து அண்ணையின் அப்பா கோலில் கீறு போட்டதுபோல ஒரு அடையாளமாகச் சிவப்பு நூலைச் சுற்றி வைத்திருக்கிறேன். கை அதில் பட்டதும் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று ஞாபகம் வருகிறது. ட்ரெயில் பாஸ் கிடைத்தால் அதே முப்பதைத் திரும்பச் சுட்டு எண்களை இங்கேயே போடுகிறேன்.