செப்டம்பரில் தித்தேபேர் ஆயப் போவது

ஒஸ்லோவில் வாழும் நம்மவர்களில் பலர், ஓகஸ்டில் புளோபேர் என்னும் கருநீலக் காட்டுப்பழம் ஆய்ந்து முடித்ததும் காட்டுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். என் அனுபவத்தில் காட்டுக்கு மிக நல்ல காலம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. நுளம்புத் தொல்லை குறைந்து, பேர்ச் மரங்களின் இலைகள் மஞ்சளாகத் தொடங்கும் செப்டம்பரில்தான் தித்தேபேர் என்னும் சிறு சிவப்புப் பழம் நன்றாகக் கனிந்திருக்கும்.

நாங்கள் சொங்ஸ்வான் வரை சுரங்க ரயிலில் போய், ஏரியைச் சுற்றும் அகலப் பாதையை விட்டு விலகி, நூர்மார்க்கா காட்டின் மேட்டுப் பக்கமாக ஏறுவது வழக்கம். புளோபேர் ஓரளவு நிழலும் ஈரமும் உள்ள இடங்களில் செழித்து வளரும். தித்தேபேரோ பைன் மரங்கள் ஐதாக நின்று வெயில் விழுகின்ற வறண்ட மேடுகளில்தான் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். யாருடைய காணி என்று விசாரிக்க வேண்டியதில்லை. வயலும் வீட்டு வளவும் தவிர்ந்த காட்டு நிலத்தில் எவரும் நடந்து திரியலாம் என்ற பழைய வழக்கத்தை 1957 ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிப்படுத்தியிருக்கிறது. பழம் ஆய்வதும் அந்த உரிமையோடு சேர்ந்தது. வடக்கே நூர்லான், துரூம்ஸ், பின்மார்க் பகுதிகளில் முல்தே என்னும் மஞ்சள் நிறக் காட்டுப்பழத்துக்கு மட்டும் காணிக்காரர் தடை போடலாம். ஆனால் அங்கேயே நின்று தின்பவரை அவராலும் தடுக்க முடியாது என்பது எனக்கு மிகவும் பிடித்த விதிவிலக்கு.

புதிதாகப் போகிறவர்கள் இலையைத் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும். தித்தேபேர் இலை தடித்துப் பளபளப்பாக இருக்கும். அதன் அடிப்பக்கத்தில் சிறு பழுப்புப் புள்ளிகள் தெரியும். அதைப் போலவே தோன்றும் மெல்பேர் இலையில் அந்தப் புள்ளிகள் இல்லை. மெல்பேர் பழத்தில் நஞ்சு இல்லை, ஆனால் மாவைத் தின்றதுபோல் சுவையற்று இருக்கும். உண்மையில் அஞ்ச வேண்டியது நஞ்சுள்ள பீர்பிளாத் செடியைத்தான். பெரும்பாலும் நான்கு இலைகள் வட்டமாக விரிந்திருக்க, அவற்றின் நடுவே ஒரே ஒரு கருநீலப் பழம் நிற்கும். பிள்ளைகள் அதைப் புளோபேர் என்று எண்ணிவிடக்கூடும் என்பதால், காட்டுக்குள் நுழையும் முன்பே அதன் படத்தை அவர்களுக்குக் காட்டிவிடுகிறேன்.

இந்தப் பருவத்தின் ஒரே எரிச்சல் மான் பேன் என்னும் சிறு பூச்சி. பறந்து வந்து ஒட்டி, சிறகை உதிர்த்துவிட்டு, பிடரி முடிக்குள் ஊர்ந்து போகும். தொப்பி போட்டாலும் முழுதாகத் தப்ப முடியாது.

ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டோரத்திலும் தீ மூட்டுவதற்குப் பொதுத் தடை உண்டு. ஆகவே அதற்குப் பிந்திய வார இறுதிகளில், பாதுகாப்பான இடம் பார்த்துச் சிறு தீ மூட்டித் தேநீர் கொதிக்க வைப்பது பழம் ஆய்வதற்கு இணையான இன்பம்.

வீட்டில், சரிவாகப் பிடித்த ஈரத் துவாயில் பழங்களை உருட்டிவிட்டால் இலையும் தூசியும் துணியில் ஒட்டிக்கொள்ள, பழம் மட்டும் கீழே சேரும். தித்தேபேரில் இயல்பாகவே பென்சோயிக் அமிலம் இருப்பதால், அடுப்பில் வைக்காமல் சீனியோடு கிளறிப் போத்தலில் அடைத்தாலே குளிர்சாதனப் பெட்டியில் நெடுநாள் கெடாமல் இருக்கும். நோர்வேஜியர்கள் அதை இறைச்சி உருண்டைகளோடு உண்கிறார்கள். அம்மா சீனி சேர்க்காத பழத்தில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் இடித்துச் சம்பலாக்குகிறார். பொரித்த மீனுக்கு அது மிக நன்றாகச் சேர்கிறது, இடியப்பத்துக்குச் சேரவில்லை.