பிரேக் ஏர் எடுத்த பிறகும் பெடல் கீழே போகிறது, குமிழும் நிற்கவில்லை – உதவி தேவை

பொங்கோல்வாசி:

வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறேன். என்னுடையது 10 வருஷம் தாண்டி, சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டும் ஜப்பான் செடான். ஆட்டோ கியர், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) உண்டு. பிரேக் ஆயில் கறுத்துப் போயிருந்ததால் நானே மாற்றலாம் என்று இறங்கினேன். வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) கார்பார்க்கில் ரிப்பேர் வேலை கூடாது என்பதால் சிராங்கூன் கார்டனில் மாமா வீட்டு வாசலில் வைத்துத்தான் செய்தேன். பெடல் மிதிக்க ஆள் கிடையாது. அதனால் ஆன்லைனில் விற்கும் ஒருவழி வால்வு கிட் வாங்கினேன்: டியூப், நடுவில் வால்வு, காந்தம் வைத்த பாட்டில்.

முதலில் பின் டிரம் இரண்டையும் கழற்றித் தூசி துடைத்தேன். சூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் வளைந்த கட்டை) இன்னும் நல்ல தடிமன், அதையே திருப்பி மாட்டினேன். அப்புறம் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசையில் ஏர் எடுத்தேன், அதாவது லைனில் உள்ள காற்றை ஆயிலோடு வெளியேற்றினேன். மூடியில் போட்டிருந்த டாட் 3 தர பிரேக் ஆயில்தான் ஊற்றினேன். டேங்க்கில் ஆயில் குறைந்தபட்ச (MIN) கோட்டுக்குக் கீழே போகவே இல்லை.

பிரச்சினை இரண்டு. முன் இடது சக்கரத்தில் எவ்வளவு மிதித்தாலும் டியூபில் குமிழ் வந்துகொண்டே இருக்கிறது. இன்னொன்று, முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது, உடனே இரண்டாவது தடவை மிதித்தால் மேலேயே நிற்கிறது. உள்ளே இன்னும் காற்று இருக்கிறதா? இன்னொரு பாட்டில் ஆயில் வாங்கி மறுபடி செய்யவா? வருடாந்தர இன்ஸ்பெக்‌ஷன் வேறு நெருங்குகிறது.

பட்டறைக்காரர்:

தம்பி, பெடல் சரியாகும் வரை அந்தக் காரை ரோட்டில் இறக்காதீங்க. மாமா வீட்டிலேயே நிற்கட்டும். ஆயில் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

முதலில் குமிழைப் பார்ப்போம். ஏர் எடுக்கத் திறக்கும் பிளீடர் ஸ்குருவின் (நிப்பிள் என்பதும் இதுதான்) நுனி கூம்பாக இருக்கும். அந்தக் கூம்பு காலிப்பருக்குள் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) உட்காரும் இடம்தான் ஆயிலை அடைக்கிறது. மரையில் அடைப்பு எதுவும் இல்லை. ஸ்குருவைத் தளர்த்திய நிமிஷமே மரை வழியாகவும் காற்று போக வர வழி உண்டாகிவிடும். நீங்கள் பெடலை விடும்போது வால்வு மூடுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் வெளிக்காற்று மரை வழியாக உள்ளே இழுபட்டு டியூபுக்கு வரும். ஆகவே டியூபில் தெரிகிற குமிழ் எல்லாம் பிரேக் லைனில் இருந்து வந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மிதித்து எடுக்கும் கிட்டில் அந்தக் காற்றில் கொஞ்சம் காலிப்பருக்குள்ளும் திரும்பிப் போகலாம், அதனால் அப்படியே விடவும் முடியாது.

ஸ்குருவைக் கால் சுற்றுக்கு மேல் திறக்காதீங்க. சிலிகான் கிரீஸ் இருந்தால் ஸ்குரு காலிப்பருக்குள் நுழையும் இடத்தைச் சுற்றித் தாராளமாக அப்புங்க. ஸ்குருவைக் கழற்ற வேண்டியதில்லை. பாட்டிலைத் தரையில் வைக்காமல் நிப்பிளை விட உயரத்தில் காந்தத்தால் ஒட்ட வையுங்க, டியூபின் முனை ஆயிலுக்குள் முங்கியே இருக்கட்டும். பெடலை மெதுவாக மிதித்து, அதை விட மெதுவாக விடுங்க. கடைசியாக நாலைந்து மிதிக்கு மட்டும் மாமாவைக் கூப்பிட்டு உட்கார வையுங்க: அவர் மிதித்துப் பிடிக்கணும், நீங்கள் திறந்து மூடணும், மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்கணும். கிட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நான் முடிப்பது இப்படித்தான்.

உட்லண்ட்ஸ் அக்கா:

அண்ணன் சொன்னது குமிழுக்குச் சரி. பெடல் கதை வேறு என்று எனக்குத் தோன்றுகிறது.

தம்பி, முதல் மிதியில் பெடல் கீழே போய் நிற்கிறதே, அங்கே கெட்டியாக நிற்கிறதா, இன்னும் அமுக்கினால் பஞ்சு மாதிரி அமுங்கிக்கொண்டே போகிறதா? காற்று இருந்தால் அமுங்கும். கீழே போனாலும் கெட்டியாக நின்றால் பெரும்பாலும் பின் டிரம்மில் சூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம் என்று அர்த்தம். பெடல் இயக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதிக்குத் தள்ளுகிற ஆயில் கொஞ்சம்தான். சூ டிரம்மைத் தொடுவதற்கே அதில் பாதி செலவாகிவிட்டால் பெடல் இறங்கத்தான் செய்யும். சூ பின்வாங்குவதற்குள் மறுபடி மிதித்தால் மேலே நிற்கும்.

எஞ்சினை அணைத்து, கியரை பி-யில் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுங்க. இப்போது பெடலை மிதித்துப் பாருங்க. பெடல் முன்பை விட உயரத்தில் நின்றால் கோளாறு பின் டிரம்மில்தான். ஹேண்ட்பிரேக் சூவை ஏற்கனவே டிரம்மோடு ஒட்ட வைத்துவிட்டதால் ஆயில் அந்தத் தூரத்தைத் தள்ள வேண்டியதில்லை.

டிரம்மைக் கழற்றும்போது ஸ்டார் வீலை (சூ இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் பல் சக்கரம்) திருப்பினீங்களா?

பொங்கோல்வாசி:

அக்கா, ஹேண்ட்பிரேக் இழுத்து மிதித்தால் பெடல் நன்றாக மேலே நிற்கிறது! இழுக்காவிட்டால் கீழே போகிறது, ஆனால் அங்கே கெட்டியாகத்தான் நிற்கிறது.

ஆமாம், ஸ்டார் வீலைத் திருப்பினேன். டிரம் ஓரத்தில் தேய்மானத்தால் ஒரு வரம்பு எழும்பி இருந்தது, சூவை உள்ளே இறக்காமல் டிரம் வெளியே வரவில்லை. அது தானாகவே சரியாகிக்கொள்ளும் என்று படித்தேனே? ஹேண்ட்பிரேக்கும் இப்போது முன்பை விட ரொம்ப மேலே வருகிறது. கேபிளை டைட் செய்யவா?

உட்லண்ட்ஸ் அக்கா:

கேபிளைத் தொடாதீங்க. சூ இடைவெளியைக் கேபிளால் மறைத்தால் ஹேண்ட்பிரேக் பிடிக்கும், கால் பிரேக் அப்படியேதான் இருக்கும்.

தானாகச் சரியாகும் அமைப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதை ஈடுகட்டத்தான். சில கார்களில் அது ஹேண்ட்பிரேக் இழுக்கும்போது வேலை செய்யும், சிலவற்றில் கால் பிரேக் மிதிக்கும்போது. இங்கே ஆட்டோ கியர் காரில் பி போட்டுவிட்டு ஹேண்ட்பிரேக் இழுக்காமலே இறங்கிப் போகிறவர்கள் எத்தனையோ பேர், முதல் வகை கார் என்றால் அதற்கு வேலையே வராது. அதுவும் நீங்கள் திருப்பி இறக்கிய அளவு அது தானாக ஏறி வரட்டும் என்று விடக்கூடாது.

பின் பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்துங்க, ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து ஹேண்ட்பிரேக்கை முழுசாக இறக்குங்க. டிரம்முக்குப் பின்னால் உள்ள தகட்டில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதை நெம்பினால் நீள ஓட்டை தெரியும். டார்ச் அடித்தால் உள்ளே ஸ்டார் வீலின் பல் தெரியும். தட்டையான ஸ்குருடிரைவரால் ஒரு பல் நகர்த்துங்க, டிக் என்று ஒரு சத்தம். சக்கரத்தைக் கையால் சுற்றுங்க. மறுபடி ஒரு பல், மறுபடி சுற்று. சூ லேசாக உரசி சர்ர் என்று சத்தம் வரும், ஆனால் கை சிரமப்படாமல் சக்கரம் சுற்றும். அந்த இடத்தில் நிறுத்துங்க. சுற்றச் சுற்ற இலேசாகிக்கொண்டே போனால் எதிர்ப்பக்கம் திருப்புகிறீங்க என்று அர்த்தம். இரண்டு பக்கமும் ஒரே அளவு உரசல் வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். முடித்ததும் பெடலைச் சில தடவை மிதித்து சூவை நடுவில் உட்கார வைத்து, மறுபடி சுற்றிப் பார்த்துவிட்டு ரப்பர் மூடியைப் போடுங்க.

தெம்பனிஸ் டிரைவர்:

இடையில் ஒன்று. பழைய காரில் ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை அமுக்கக் கூடாது. தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் போகாத தூரத்தில் துருவும் படிவும் இருக்கும், அதில் ரப்பர் சீல் உரசினால் கிழிய வாய்ப்பு உண்டு. பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்தால் போதும். சீல் போயிருக்கிறதா என்று பார்க்க, பெடலை அமுக்கி அரை நிமிஷம் அப்படியே பிடியுங்க. காலுக்கு அடியில் மெல்ல இறங்கிக்கொண்டே போனால், வெளியே கசிவு எதுவும் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரைத்தான் சந்தேகப்படணும். எஞ்சின் ஸ்டார்ட் செய்த உடனே ஒரு தடவை கொஞ்சம் இறங்குவது பூஸ்டர் (மிதிக்குப் பலம் சேர்க்கும் பாகம்) வேலை, அது நார்மல்.

டேங்க் காலியாகாததால் ஏபிஎஸ் பற்றி உங்களுக்குக் கவலை இல்லை. காலியாகி அந்த யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால் பல கார்களில் ஸ்கேனர் மாட்டி அதன் பம்பை ஓட்டித்தான் எடுக்க முடியும். அது பட்டறை வேலை.

பொங்கோல்வாசி:

எல்லாருக்கும் நன்றி. ஸ்டார் வீலை இரண்டு பக்கமும் ஏற்றினேன். வலது பக்கத்தில்தான் அதிகம் ஏற்ற வேண்டியிருந்தது. முன் இடது நிப்பிளில் கிரீஸ் அப்பி, பாட்டிலை உயரத்தில் வைத்ததும் குமிழ் வெகுவாகக் குறைந்தது. கடைசி மிதிகளுக்கு மாமா உட்கார்ந்தார், அப்போது சுத்தமாக ஒன்றுமே வரவில்லை. பெடல் முதல் மிதியிலேயே மேலே கெட்டியாக நிற்கிறது, அரை நிமிஷம் பிடித்தும் இறங்கவில்லை. வீட்டு முன் சந்தில் நடக்கிற வேகத்தில் பிடித்துப் பார்த்தேன், நேராக நிற்கிறது.

மிச்சம் இருக்கும் புது ஆயிலை அடுத்த தடவைக்கு வைக்கலாமா? பழையதை எங்கே ஊற்றுவது?

பட்டறைக்காரர்:

நல்லது தம்பி. திறந்த பாட்டிலை அடுத்த தடவைக்கு வைக்காதீங்க, இந்த ஊர் ஈரக்காற்றில் வேண்டவே வேண்டாம். டாட் 3 போன்ற கிளைக்கால் வகை ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3-க்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் தரக்கணக்கு 140 டிகிரிதான். ஊருக்குள் ஓட்டும்போது அது தெரியாமலே போகலாம். பள்ளி விடுமுறைக்கு மலேசியாவில் கெந்திங் மலை ஏறி, இறங்கும்போது வழி முழுக்கக் காலை பிரேக்கிலேயே வைத்தால் ஆயில் கொதித்து ஆவியாகும், அப்போது பெடல் அப்படியே உள்ளே போய்விடும். டாட் 4 என்றால் அந்த இரண்டு கணக்கும் 230, 155. டாட் 3-உடன் கலக்கும், தாராளமாக மாறலாம். டாட் 5 மட்டும் சிலிகான், அந்தப் பக்கமே போகாதீங்க.

பழைய ஆயிலையும் மீதிப் புது ஆயிலையும் சாக்கடையில் ஊற்றாதீங்க, இங்கே வடிகால் தண்ணீர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. பாட்டிலில் அடைத்து, வழக்கமாகப் போகும் பட்டறையில் கேட்டுக் கொடுங்க, எஞ்சின் ஆயிலோடு கலக்காமல் தனியாக. பெயின்ட் மேல் எங்காவது சிந்தியிருந்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்க, உரித்துவிடும்.

ரெண்டு நாள் ஓட்டிய பிறகு நாலு நிப்பிளையும் விரலால் தொட்டுப் பாருங்க. ஈரம் இருந்தால் ரிங் ஸ்பானரால் அளவாக இறுக்கணும், சின்ன ஸ்குரு, முரட்டுத்தனமாக இழுத்தால் முறிந்துவிடும். ரப்பர் தொப்பி நாலிலும் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்க.