மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவைச் செல் பழுதுபார்ப்பதே இல்லையா?

பெருந்துறைக்காரர்: கோவையில் ஒருவர் மேடையேறி, "மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவுக்குப் பழுதுநீக்கமே கிடையாது" என்று பேசியதைக் கோபி ஐயா இங்கே மெச்சிப் பகிர்ந்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று மனிதரில் தனியாக உள்ள டிஎன்ஏவின் 16,569 கார இணைகளுக்குள் (எழுத்து இணைகளுக்குள்) குவானின் என்ற ஓர் எழுத்து ஆக்சிஜனேற்றத்தால் கெட்டால், ஓஜிஜி1 நொதி அதை வெட்டியெடுக்கிறது; டிஎன்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் காமா நொதி அந்த இடத்தை நிரப்புகிறது; லைகேஸ் 3 நொதி இழையை ஒட்டுகிறது. இது பழுதுநீக்கம் இல்லையென்றால் வேறென்ன?

கோபி வாத்தியார்: புற ஊதாக் கதிரால் ஒன்றோடொன்று ஒட்டிப்போன தைமின் எழுத்து இணைகளைப் பாலூட்டிகளின் மைட்டோகாண்ட்ரியா நீக்குவதில்லை என்று 1974-லேயே காட்டிவிட்டார்கள். உட்கருவில் இருக்கும் அந்த வழி அங்கே இல்லை. இல்லை என்றால் இல்லைதான்.

பெருந்துறைக்காரர்: ஒரு வழி இல்லாததைக் காட்டி எல்லா வழியையும் அடைப்பது வாதமாகாது. 2004-இல் சுண்டெலிகளில் பாலிமரேஸ் காமா நகலெடுக்கும்போது பிழைதிருத்தும் திறனை மட்டும் முடக்கினார்கள். ஏறத்தாழ 25 வாரங்களிலேயே அவற்றுக்கு முடி உதிர்ந்து, முதுகு கூனி, இரத்தசோகையும் வந்தது. காவலே இல்லாத இடத்தில் காவலை நீக்கினால் இப்படி ஆகுமா?

திருப்பூர் மாணவி: ஒரு செல்லில் இந்த டிஎன்ஏ நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ இருப்பதை இருவருமே விட்டுவிட்டீர்கள். பனியன் கம்பெனிச் செக்கிங்கில் சிறு குறையைத் தைத்துவிட்டு, கிழிந்த பீஸைக் கழிப்பதுபோல, இரு இழையும் அறுந்த டிஎன்ஏவைப் பெரும்பாலும் சிதைத்துவிட்டு, நல்ல பிரதிகளிலிருந்து செல் எண்ணிக்கையை ஈடுகட்டுகிறது.

கோபி வாத்தியார்: கழிப்பது பழுதுநீக்கமா, அம்மணி? நகலெடுக்கும்போது பிழை திருத்துவதும் பழுதுநீக்கம் ஆகாது. மஞ்சள் மாத்திரை மைட்டோகாண்ட்ரியாவைக் காக்கும் என்ற விளம்பரத்துக்குச் சென்ற மாதம் வக்காலத்து வாங்கிய பெருந்துறையார் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

பெருந்துறைக்காரர்: மஞ்சளை நான் காசுக்கு விற்கவில்லை, ஈரோட்டு மஞ்சளை இழிவாகப் பேசியதைத்தான் கண்டித்தேன். அந்தக் கோபத்தை இங்கே கொண்டுவராதீர்கள். டிஎஃப்ஏஎம் புரதம் இந்த டிஎன்ஏவைச் சுற்றிப் பொதிந்து வைத்திருக்கிறது. கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியாவையே பிங்க்1, பார்க்கின் புரதங்கள் அடையாளமிட்டு அழிவுக்கு அனுப்புகின்றன. இவற்றையெல்லாம் ஒதுக்கினாலும் ஓஜிஜி1 இருக்கிறதா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

திருப்பூர் மாணவி: என் கருத்துக்கு இருவரும் பதில் தரவில்லை.

கோபி வாத்தியார்: 1974-இல் காட்டியதற்கு நீங்கள் முதலில் பதில் சொல்லுங்கள்.

பெருந்துறைக்காரர்: கேட்டது ஓஜிஜி1 பற்றி, ஐயா.